கிணற்றுக்கு வடக்கே புதைத்தது

வித்துரா
3 அக்டோபர் 2025

அன்புள்ள மகள் ஜெஸிக்கு,

விழிஞ்ஞத்தில் முதல் பெரிய கப்பல் வந்து நின்றதும், வயநாட்டில் மலை இடிந்து ஊரையே கொண்டுபோனதும் ஒரே மாதத்தில். போன வருஷம் ஜூலை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உன் இரண்டாவது குழந்தை எட்டாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தது. கப்பலைப் பார்க்க ஊரே போயிற்று. நான் குழந்தையின் நஞ்சுக்கொடி இருந்த மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வித்துராவுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன ஞாயிறு உன் மாப்பிள்ளை அபின் வந்திருந்தான். என் காது முன்னைவிட மோசம். அவன் மூன்று தடவை கத்தினான். எனக்குக் கேட்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்டுவிட்டது. "மாமா, ஜெஸிக்கு மூணு மாசம்." சாப்பிடச் சொன்னேன், சாப்பிடாமல் போனான். நீ அனுப்பி வந்தவன் இல்லை என்று தெரிந்தது.

போனில் பேசலாம் என்றால் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. அதனால்தான் கடிதம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். சந்தையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கோமதிநாயகம் எழுதுகிறார். திருநெல்வேலிக்காரர், தமிழ் சுத்தமாக எழுதுவார். நான் சொல்வதைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் எழுதுகிறார், என் குரல் இல்லையே என்று நினைக்காதே. நீ பதில் போட்டால் அவரே என் காதில் படித்துச் சொல்வார்.

அந்தப் பானையை நான் கொண்டுவந்தது தப்பென்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. எட்டு மாதம் அந்தக் குழந்தைக்குச் சோறு போட்டது அது. ஆஸ்பத்திரியில் வாளியில் போட்டுக் கழுவிவிடுவார்கள் என்று நினைத்தேன். நர்ஸிடம் கேட்டேன், அந்தப் பெண் அபினைப் பார்த்தாள், அபின் தலையாட்டினான். நம் வீட்டில் பிறந்தவர்களுடைய நஞ்செல்லாம் கிணற்றுக்கு வடக்கேதான் இருக்கிறது. உன்னுடையதும் அங்கேதான்.

இப்போது உனக்கு எப்படி இருக்கிறது? நான் வந்து பார்க்கலாமா?

அப்பா

*

கழக்கூட்டம்
9 அக்டோபர் 2025

அப்பாவுக்கு,

தமிழில் எழுதி வருஷங்கள் ஆயிற்று. அம்மா பைபிள் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் என்னிடம் இருக்கிறது. தப்பிருந்தால் கோமதிநாயகம் அண்ணாச்சி மன்னிக்கட்டும்.

வர வேண்டாம்.

உங்களுக்குத் தப்பென்று தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து நாள் கழித்து டாக்டர் பத்மப்ரியா முன்னால் உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை, நஞ்சுக்கொடியைப் பரிசோதித்த ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். நான் அபினைப் பார்த்தேன். அபின் தரையைப் பார்த்தான். அப்புறம்தான் சொன்னான், மாமா கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டார் என்று. என் குழந்தை ஏன் போனது என்பதற்கு ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதை நீங்கள் புதைத்துவிட்டீர்கள்.

கொரோனா இரண்டாவது அலையில் முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் போனபோது யாரும் எதையும் பரிசோதிக்கவில்லை. அப்போது எல்லாருக்கும் பயம், ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. இரண்டாவது தடவையாவது தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் இந்த மூன்றாவதற்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இப்போது நான் இருட்டில் நடக்கிறேன் அப்பா. காலையில் எழுந்ததும் வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் கண் திறக்கிறேன்.

டாக்டர் ஒன்று கேட்கச் சொன்னார், அதற்காகத்தான் இந்தப் பதில். என் அம்மாவுக்கு இப்படிக் குழந்தைகள் போயிருக்கின்றனவா? அம்மா என்னிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை. நான் ஒற்றைப் பிள்ளை என்றுதான் தெரியும். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம்.

ஜெஸி

*

வித்துரா
16 அக்டோபர் 2025

மகள் ஜெஸிக்கு,

உன் கடிதத்தைக் கோமதிநாயகம் கடையை அடைத்துவிட்டு வந்து படித்தார். "சாட்சியைப் புதைத்தீர்கள்" என்ற இடத்தில் அவர் குரல் தாழ்ந்துவிட்டது, எனக்குக் கேட்கவில்லை. மறுபடி படிக்கச் சொன்னேன். வேண்டாம் அண்ணாச்சி என்றார். படியும் என்றேன்.

இனி எழுதப்போவது பெண்களின் சமாசாரம். இன்னொரு ஆணின் கையால் எழுத வேண்டியிருக்கிறது. அவர் தலை நிமிராமல் எழுதுகிறார். நீயும் அப்படியே படி.

உன் அம்மா தாசம்மாள் உனக்கு முன்னால் மூன்று பேரைச் சுமந்தாள். எமர்ஜென்சி முடிந்து தேர்தல் வந்த வருஷம் ஒன்று, ஏழாம் மாதத்தில். அடுத்தது, இந்திரா காந்தி சுடப்பட்ட வருஷம், மழைக்காலத்தில். மூன்றாவது, பெருமண்ணில் ரயில் காயலில் விழுந்த வருஷம், ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. ஆண்பிள்ளை. மூன்றுமே மெலிந்த பிள்ளைகள். மாதத்துக்கேற்ற வளர்ச்சி இல்லை.

மூன்றுக்கும் பேறு பார்த்தது எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்த முத்தாரம்மாள். மூன்றாவதன் நஞ்சை அவள் ஒரு வட்டிலில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். என்னைக் கூப்பிட்டு, "இதத் தொட்டுப் பாரும்" என்றாள். நான் பெருவிரலால் அழுத்தினேன். நல்ல நஞ்சு ஈரல் மாதிரி இருக்கும், அழுத்தினால் அமுங்கும். இது அமுங்கவில்லை. முக்கால்வாசியும் வெளுத்து, மஞ்சள் ஓடி, உறைந்த நெய்யில் மணல் கலந்தது போலக் கட்டியாக இருந்தது. முந்தின இரண்டும் இப்படித்தான் இருந்தன என்றாள். "பிள்ளைக்குச் சோறு போற வழி அடச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உன் குழந்தையின் நஞ்சையும் புதைப்பதற்கு முன் கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன். கழுவித்தான் வைப்பது வழக்கம். கையில் எடுத்தபோதே கனம் தெரிந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஈரல், மீதியெல்லாம் அதே மஞ்சள், அதே கட்டி. என் கை அதை மறக்கவில்லை. பத்தாயிரம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை, பட்டை எது கட்டை எது என்று இருட்டிலும் தெரியும்.

ஊகித்து எதையும் எழுதவில்லை. கண்டதை எழுதினேன்.

அப்பா

*

கழக்கூட்டம்
28 அக்டோபர் 2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டர் பத்மப்ரியாவிடம் கொண்டுபோனேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் மலையாளத்தில் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். மூன்று குழந்தைகள் என்று சொன்ன இடத்தில் கடிதத்தை அபினிடம் கொடுத்துவிட்டேன். அபின் மீதியைச் சொன்னான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். உடம்பில் காயம் பட்டால் ரத்தம் உறைகிறது அல்லவா, அப்போது நூல் நூலாக ஒன்று பின்னி வலை மாதிரி மூடும். அதற்குப் பேர் ஃபைப்ரின். நஞ்சுக்கொடியில் வேர் மாதிரிச் சின்னச் சின்னக் கிளைகள் இருக்கின்றன, அவை அம்மாவின் ரத்தத்தில் மூழ்கிக் கிடந்து குழந்தைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கிளைகளில் கிழிசல் விழுந்தால் ஃபைப்ரின் ஒட்டுப்போடும். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்குமாம், இருக்கவும் வேண்டுமாம். சிலருக்கு மட்டும் அது நிற்காமல் படிந்துகொண்டே போய்க் கிளைகளையெல்லாம் மூடிவிடும். அப்படி மூடிய நஞ்சு மஞ்சளாக, கட்டியாக இருக்குமாம். ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வருவது உண்டாம்.

ஆனால் அவர் உறுதியாகச் சொல்லவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் பேர் வைக்க மாட்டேன் என்றார். வேறு காரணங்களும் இருக்கலாம். இருந்தாலும் இத்தனையும் கேட்ட பிறகு சும்மா இருக்க மாட்டேன் என்று ஆஸ்பிரின் கொடுத்திருக்கிறார், தினமும் வயிற்றில் ஒரு ஊசி. ரத்தம் அளவுக்கு மேல் உறையாமல் இருக்க. நிச்சயம் பலன் தரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிட்டார். ஸ்கேன் அடிக்கடி. அபின்தான் ஊசி போடுகிறான். முதல் நாள் குத்துவதற்கு முன் அவன் கண்ணை மூடிக்கொண்டதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது என் கோபம் வேறு. நீங்கள் கழுவும்போதே தெரிந்திருக்கிறது, அம்மாவுக்கு நடந்ததுதான் எனக்கும் நடக்கிறது என்று. ஏன் சொல்லவில்லை? ஒரு வருஷத்துக்கு மேல், நான் பேசவில்லை சரி, யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே. எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள் என்பதை முப்பத்துமூன்று வயதில் ஒரு பாத்திரக்கடைக்காரரின் கையெழுத்தில் தெரிந்துகொள்கிறேன்.

ராத்திரி படுத்தால் ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. என் உடம்பே என் பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது.

இந்தத் தடவை நஞ்சு லேபுக்குப் போகும். முழுசாக. உங்களுக்கு ஒரு துண்டுகூடத் தர மாட்டார்கள், நானும் தரச் சொல்ல மாட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜெஸி

*

வித்துரா
5 நவம்பர் 2025

மகள் ஜெஸிக்கு,

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றைக்கு, அடுக்களையில் வைத்து. "அவகிட்ட சொல்லாதேயும். தெரிஞ்சா பயந்து பயந்து சுமப்பா. நான் அவளச் சுமந்த மாதிரி அவ சுமக்கக் கூடாது." அவள் என்னிடம் சொன்னாலும் உன்னைப் பார்த்துத்தான் சொன்னாள், நீ அப்போது வெளியே யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். கொரோனாவுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கு அவள் போய்ச் சேர்ந்தாள். போனவளிடம் சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியவில்லை. டாக்டர் கேட்டார் என்று நீ எழுதினாய், அதை வழியாக வைத்துக்கொண்டேன்.

நீ எழுதிய கடைசி வரியைக் கோமதிநாயகம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஃபைப்ரின் எனக்குப் புதிதில்லை. ரப்பர் மரத்தில் கத்தி ஓடினதும் பால் வடியும். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயில் பால் உறைந்து நாடா மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஒட்டுப்பால் என்போம், நீ சின்னதில் உருட்டிப் பந்து செய்து விளையாடியிருக்கிறாய். அது உறையாவிட்டால் மரம் வடிந்தே சாகும். சில மரத்தில் கத்தியை எடுப்பதற்குள் உறைந்துவிடும், கீழே கட்டின சிரட்டைக்கு ஒரு சொட்டு வராது. அந்த மரத்தை நான் ஏசியதில்லை. அது தன் புண்ணை ஆற்றத்தான் பார்த்தது. எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உன் உடம்பு கொல்லவில்லை மக்ளே. ஆற்றப் பார்த்திருக்கிறது.

பால் உறையாமல் இருக்கச் சிரட்டையில் ஒரு சொட்டு அமோனியா விடுவோம். உன் மாப்பிள்ளை போடும் ஊசி அந்த மாதிரி ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரு நாளும் விடாமல் போடச் சொல்.

நஞ்சை லேபுக்குக் கொடு. எனக்கு அது மண்ணுக்குப் போகாதது மனசுக்கு ஒரு மாதிரிதான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இதைச் சொன்னபோது கோமதிநாயகம் பேனாவை வைத்துவிட்டு என் காதுக்கு வந்து, "அண்ணாச்சி, எல்லார் வீட்டு நஞ்சும் குழிக்குப் போவுது. உம்ம வீட்டு நஞ்சு படிக்கப் போவுது. நீரு போவாத பள்ளிக்கூடத்துக்கு அதாவது போவட்டுமே" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சரியென்றுதான் பட்டது.

வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதை நீ இன்னும் மாற்றவில்லை. அதனால் வரவில்லை.

அப்பா

*

கழக்கூட்டம்
11 ஜனவரி 2026

அப்பா,

பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. ஒவ்வொரு ஸ்கேனும் நன்றாக இருந்தது, எழுதினால் கண்பட்டுவிடும் போலிருந்தது. ஆபீஸில் எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கிற வேலை பார்க்கிறேன், இதில் மட்டும் அம்மா மாதிரி ஆகிவிட்டேன்.

முந்தாநாள் ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்றார்கள். கொடியில் ரத்த ஓட்டம் இன்னும் பரவாயில்லை. ஊசி தொடர்கிறது. வாரம் இரண்டு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். நிலைமை மாறினால் காத்திருக்காமல் வெளியே எடுத்துவிடுவோம் என்றார் டாக்டர். "உள்ள இருக்கறத விட வெளிய இருக்கறது நல்லதுன்னு எப்ப தோணுதோ அப்ப" என்றார். அந்த நாள் எது என்று அவருக்கும் தெரியாது. எல்லாரும் சேர்ந்து ஒரு கதவுக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது.

உடம்பு ஆற்றப் பார்த்தது என்று எழுதினீர்களே. அதை ஊசி போடும்போது நினைத்துக்கொள்கிறேன். வேறு யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

அம்மா என்னைப் பயந்து பயந்து சுமந்தாள் என்றீர்கள். என்ன செய்வாள்? பகலெல்லாம் எப்படிக் கழித்தாள்? தெரிந்தால் எழுதுங்கள்.

ஜெஸி

*

வித்துரா
17 ஜனவரி 2026

ஜெஸி மோளே,

உன் அம்மா பாடுவாள். ஜெபத்தில் பாடும் ஞானப்பாட்டு இல்லை. நாளைக்கு என்ன குழம்பு என்பதைப் பாட்டாகப் பாடுவாள். மரவள்ளிக்கிழங்குக்கு ஒரு ராகம், நெத்திலிக்கு ஒரு ராகம். வயிற்றில் இருக்கிறவளுக்கு நாளைய சமையல் தெரிந்தால் அதற்காகவாவது இருப்பாள் என்பாள். பக்கத்து லைன்காரர்கள் இவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். ஒன்பதாம் மாதம் வரைக்கும் ஒரு நாள்கூட ஒரே குழம்பை இரண்டு தடவை அவள் பாடவில்லை. சமைத்தது என்னவோ தினமும் புளிக்குழம்புதான்.

உனக்குப் பாட வராது. நீ சொன்னாலே போதும், அதற்குக் கேட்கும். இங்கே எனக்குத்தான் கேட்காது.

அப்பா

*

திருவனந்தபுரம், ஆஸ்பத்திரி
9 மார்ச் 2026

அன்புள்ள அப்பா,

அபின் போனில் கோமதிநாயகம் அண்ணாச்சிக்குச் சொல்லியிருப்பான். இருந்தாலும் நானே எழுத வேண்டும் என்று தோன்றியது. போன செவ்வாய் காலையில் ஸ்கேனில் ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஆபரேஷன். பெண். அழுதாள் அப்பா. பூனைக்குட்டி சத்தம்தான், ஆனால் அழுதாள். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். முதல் ஐந்து நாள் மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள், நேற்று எடுத்துவிட்டார்கள்.

நஞ்சின் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஃபைப்ரின்தான். கால் பாகத்துக்கு மேல் படிந்திருக்கிறது. போன தடவை ஒரு ஓரம் மட்டும்தான் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஊசியால்தான் குறைந்ததா, தானாகவே குறைந்ததா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இன்னும் இரண்டு வாரம் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் பால் வரவில்லை. இங்கே பால் வங்கி இருக்கிறது, யாரோ ஒரு அம்மா கொடுத்த பாலைக் குழாய் வழியாக விடுகிறார்கள். யார் என்று சொல்ல மாட்டார்கள். தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறேன், என் பிள்ளை வேறு ஒருத்தியின் பாலில் வளர்கிறாள். அம்மா இருந்திருந்தால் வெட்கமாக இருந்திருக்கும். இதையாவது என் உடம்பு செய்யும் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று. பேர் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் குடும்பத்தில் செத்தவர் பேரைத்தான் வைப்பது. அம்மா பேரை வைக்கலாம் என்கிறான் அபின். எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போது செத்தவர் பேரைச் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

வாருங்கள் அப்பா.

ஜெஸி

*

வித்துரா
12 மார்ச் 2026

என் ஜெஸிக்கு,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். கோமதிநாயகமும் கூட வருகிறார், டாக்டர் சொல்வதை என் காதில் போட ஆள் வேண்டுமே. கடையை யார் பார்ப்பார்கள் என்றேன், பாத்திரம் எங்கும் ஓடிப்போகாது என்றார்.

அழுதாள் என்ற வரியை நான்கு தடவை படிக்கச் சொன்னேன். ஐந்தாவது தடவை அவர் படிக்கவில்லை, என் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாலைப் பற்றி எழுதினாய். அம்மா இருந்தால் வெட்கப்படுவாள் என்றாய். உன் அம்மாவுக்கும் பால் வரவில்லை.

நீ பிறந்தது ஆறு பெருகிப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போன வருஷம். இந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம், பால் பவுடர் விற்கிற கடையும் அந்தப் பக்கம். நீ எலிக்குஞ்சு மாதிரி இருந்தாய். சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்து வாயில் வைத்தார்கள், நீ துப்பினாய். மூன்று பேரைப் பார்த்திருந்ததால் நான் முற்றத்தில் நின்று கிணற்றுக்கு வடக்கே பார்க்காமல் இருக்க முயற்சி செய்துகொண்டிருந்தேன். அடுத்த லைனில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, நனைந்துகொண்டே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே போய், "இங்க தாங்க, என்கிட்ட ரெண்டு பேருக்கு இருக்கு" என்று உன்னை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் வடிகிற வரைக்கும், வடிந்த பிறகும், உன் அம்மாவுக்குப் பால் ஊறுகிற வரைக்கும் அவள்தான் கொடுத்தாள். உன் அம்மா வெட்கப்படவில்லை. அவள் வருகிற நேரத்துக்கு வாசலில் பாய் விரித்து வைத்துக் காத்திருப்பாள்.

அதனால் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிமிர்ந்து நில்.

பேருக்கு வருகிறேன். செத்தவர் பேர் வைக்கிற வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் தொடங்கியதில்லை. அதனால் அதை நாம் ஒரு தடவை விட்டுவிடலாம். உன் மகளுக்கு உயிரோடு இருக்கிறவர் பேர் வேண்டும். நீ உயிரோடு வந்த அன்றைக்கு அந்த அறைக்குள் நான்கு பெண்கள் இருந்தார்கள். நான் வெளியே நின்றவன், என்னைச் சேர்க்காதே. பேறு பார்த்த முத்தாரம்மாள், நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் காய்ச்சலில் போனாள். உன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தட்டியது என் அம்மா, அவள் சுனாமி வந்த மாதம் போனாள். உன் அம்மா எப்போது போனாள் என்று உனக்குத் தெரியும்.

நான்காமவள், உனக்குப் பால் கொடுத்தவள், இன்னும் இருக்கிறாள். முழங்கால் வீங்கிவிட்டது, பால்வெட்டை விட்டுவிட்டாள். பொன்முடி ரோட்டில் முதல் வளைவில் சாக்கு விரித்துக் கொய்யாப்பழம் விற்கிறாள். நீயும் அபினும் மலைக்குப் போகும்போது காரை நிறுத்தி அவளிடம் வாங்கியிருப்பீர்கள், அவள் உன்னைத் தெரிந்தும் சொல்லியிருக்க மாட்டாள். நேற்று போய்ச் சொன்னேன், ஜெஸிக்குப் பெண் பிறந்திருக்கிறது, பால் வரவில்லையாம் என்று. "எனக்கு இப்ப வராதே சுவாமிதாசு அண்ணே" என்று அழுதாள்.

அவள் பேர் சொர்ணம்மாள்.